சிறைக்கோட்டத்தில் ஒரு மேடை: சிறைவாசிகளின் நாடகம் எதை மாற்றுகிறது?

குத்தாலத்தைக் கடந்து கிழக்கே போகும் காவிரி, மயிலாடுதுறையைத் தாண்டிப் பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. சிறை எதற்காக இருக்கிறது என்ற கேள்வியைத் தமிழில் வெகு காலம் முன்பே எழுப்பிய காப்பியம் அந்தக் கழிமுகத்து ஊரில்தான் தொடங்குகிறது. மணிமேகலையின் பத்தொன்பதாம் பகுதிக்குச் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்றே பெயர். காயசண்டிகை என்ற பெண்ணின் வடிவில் இருக்கும் மணிமேகலை சிறைக்குள் நுழைந்து அமுதசுரபியைக் கொண்டு அங்கிருப்பவர்களின் பசியை ஆற்றுகிறாள். காவலர்கள் அரசனிடம் போய்ச் சொல்கிறார்கள். உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அரசன் கேட்க, இந்தச் சிறையை அறச்சாலையாக மாற்றித் தரவேண்டும் என்கிறாள். அப்படியே ஆகிறது.

அந்தச் சிறையில் இருந்தவர்கள் திருந்தினார்களா என்று காப்பியம் கணக்குப் பார்க்கவில்லை. கட்டடம் செய்துவந்த வேலை மாறியது என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. இக்காலத்தில் அமுதசுரபியின் இடத்தில் நூலகம், தியானம், தொழிற்பயிற்சி என்று பலவும் சிறைக்குள் வந்திருக்கின்றன. அவற்றுள் அதிக விவாதத்துக்கு உள்ளானது நாடகம். சிறைவாசிகள் ஒரு பேரிலக்கிய நாடகத்தை ஏற்று நடிக்கும்போது என்ன நிகழ்கிறது? மனிதர் மாறுகிறாரா, சிறை மாறுகிறதா, பார்க்க வந்தவர் மாறுகிறாரா, அல்லது ஒன்றுமே மாறாமல் ஒரு நல்ல மாலைப்பொழுது மட்டும் கழிகிறதா? இதற்குக் கடந்த எழுபது ஆண்டுகளில் வந்த விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

ரெபிப்பியாவின் சீசர்

இந்த விவாதத்தைத் திரைப்பட ரசிகர்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தது 'சீசர் சாகவேண்டும்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட இத்தாலியப் படம். பாவ்லோ, விட்டோரியோ தவியானி என்ற சகோதரர்கள் எண்பது வயதை ஒட்டி எடுத்தது. 2012 பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்றது. ரோம் நகரின் ரெபிப்பியா சிறையில், உயர்பாதுகாப்புப் பிரிவில் இருப்பவர்கள் ஷேக்ஸ்பியரின் 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தை ஒத்திகை பார்த்து மேடையேற்றுவதுதான் கதை. அச்சிறையில் நாடகம் பழக்கிவந்த ஃபாபியோ காவல்லி படத்திலும் அதே வேலையில் வருகிறார்.

படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை. தொடக்கத்திலும் முடிவிலும் வரும் மேடைக்காட்சிகளில்தான் வண்ணம் உண்டு. நடிகர் தேர்வில் ஒவ்வொருவரும் தம் பெயரையும் ஊரையும் இருமுறை சொல்கிறார்கள்: ஒருமுறை துயரத்தோடு, ஒருமுறை கோபத்தோடு. அவரவர் குற்றமும் தண்டனைக் காலமும் திரையில் எழுத்துகளாக வருகின்றன. வசனத்தை நேப்பிள்ஸ் பேச்சிலும் சிசிலியப் பேச்சிலும் பேசுகிறார்கள். சதி, விசுவாசம், காட்டிக்கொடுத்தல், கும்பலின் மானம் என்று ரோமானியர் பேசுவதெல்லாம் இந்த நடிகர்களுக்குப் புத்தகச் செய்தியாக ஒலிக்கவில்லை. கடைசியில் கைத்தட்டல் ஓய்ந்து ஒவ்வொருவரும் அறைக்குத் திரும்புகிறார்கள். காசியஸாக நடித்த கோசிமோ ரேகா, கலையை அறிந்த பிறகுதான் இந்த அறை தமக்குச் சிறையாகிப் போனது என்ற பொருளில் ஒரு சொல் சொல்கிறார்.

படத்தை ஆவணம் என்று எடுத்துக்கொள்வதில் சிக்கல் உண்டு. ஒத்திகைச் சண்டைகள் பல திட்டமிட்டு எடுக்கப்பட்டவை. புரூட்டஸாக நடித்த சால்வத்தோரே ஸ்த்ரியானோ படப்பிடிப்புக்கு முன்பே விடுதலையாகி, நடிப்பதற்காகத் திரும்பி வந்தவர். எனவே படம் சான்று தருவதை விடக் கேள்வியைக் கூர்மையாக்கித் தருகிறது என்பதே பொருத்தம். ரேகாவின் அந்தச் சொல்லையே இரு விதமாகப் படிக்கலாம். கலை அவரை மீட்டது என்றும் கொள்ளலாம். கலை அவருக்குச் சிறையின் முழுக் கனத்தையும் முதன்முறையாக உணர்த்தியது என்றும் கொள்ளலாம். பின்வரும் நிலைப்பாடுகள் எல்லாமே இந்த இரு படிப்புகளுக்கும் இடையே எங்கோ நிற்கின்றன.

திருத்தம் என்னும் விடை

அரசுகளும் சிறைத் துறைகளும் விரும்பிச் சொல்லும் விடை இது. நாடகம் ஒழுங்கைப் பழக்குகிறது. பிறர் மனநிலைக்குள் புக வைக்கிறது. குழுவாக வேலை செய்யக் கற்பிக்கிறது. ஆகவே விடுதலையானவர் மீண்டும் குற்றத்தில் இறங்குவது குறைகிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கர்ட் டோஃப்ட்லாண்ட் 1995இல் தொடங்கிய 'கம்பிகளுக்குப் பின்னால் ஷேக்ஸ்பியர்' திட்டம் இந்த வழியில் புகழ்பெற்றது.

இந்தியாவில் இதன் ஒளிமிக்க எடுத்துக்காட்டு வங்காளம். அங்கே சிறைகளுக்குச் சட்டப்படியே 'திருத்த இல்லம்' என்று பெயர். நடனக் கலைஞர் அலோகானந்தா ராய் கொல்கத்தாவின் பிரசிடென்சி சிறையில் பணியைத் தொடங்கி, சிறைவாசிகளைக் கொண்டு தாகூரின் 'வால்மீகி பிரதிபா'வை மேடையேற்றினார். 1881இல் எழுதப்பட்ட அந்த இசை நாடகத்தில் கொள்ளைக்கூட்டத் தலைவன் இரக்கத்தால் கவியாகிறான். வால்மீகியாக நடித்த நைஜல் அக்காரா விடுதலைக்குப் பின் திரைநடிகரானார். அந்த அனுபவத்தை ஒட்டி 2012இல் வந்த 'முக்தோதாரா' படத்திலும் நடித்தார். ரெபிப்பியாப் படமும் அதே ஆண்டில்தான் வந்தது.

இந்த விடையின் முதல் பலவீனம் கணக்கில் இருக்கிறது. நாடகக் குழுவில் சேர்க்கப்படுபவர் பெரும்பாலும் நன்னடத்தைப் பெயர் எடுத்தவர், தாமாக முன்வந்தவர். அவர் மீண்டும் சிறைக்கு வராததற்கு நாடகம் காரணமா, முன்பே இருந்த மன உறுதி காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒருவரின் வாழ்க்கை மலர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. அதை விதியாக்க முடியாது.

இரண்டாம் பலவீனம் கதைத் தேர்வில் இருக்கிறது. வால்மீகி கதை, நடிப்பவர் குற்றவாளி என்பதையும் அவர் மனம் மாற வேண்டியவர் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைச் சிறைவாசிகள். நான்கில் மூன்று பேர் மீது குற்றம் அப்போது நிரூபணமாகியிருக்கவில்லை. எப்போது ஜாமீன் கிடைக்கும் என்று தெரியாத ஒருவரை ஆறு மாத ஒத்திகைக்கு உட்கார வைப்பதும் எளிதன்று. ஆகவே சிறை நாடகம் பெரும்பாலும் நீண்ட தண்டனை பெற்ற சிறுபான்மையினரைத்தான் தொடுகிறது.

கலையே போதும் என்னும் விடை

டஸ்கனியில் வொல்தேரா என்ற ஊரின் பழைய கோட்டை இன்று சிறை. அங்கே அர்மாந்தோ புன்சோ 1988 முதல் 'கோட்டைக் குழு' என்ற நாடகக் குழுவை நடத்திவருகிறார். தாம் செய்வது சிகிச்சையோ மறுவாழ்வுப் பணியோ இல்லை, முழுமையான நாடகம் என்பதில் அவர் பிடிவாதமானவர். 2023இல் வெனிஸ் நாடக விழா அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் வழங்கியதும் கலைக்காகத்தான்.

இந்த நிலைப்பாட்டுக்கு முன்கதை உண்டு. 1957 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ நடிகர் குழு ஒன்று சான் குவென்டின் சிறைக்குள் சாமுவெல் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தை நடத்தியது. வெளியே படித்தவர்களைக் குழப்பிய அந்த நாடகத்தை, ஏறக்குறைய 1,400 சிறைவாசிகள் அசையாமல் உட்கார்ந்து பார்த்தார்கள். காத்திருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அபத்த நாடகம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை மார்ட்டின் எஸ்லின் இந்த நிகழ்ச்சியிலிருந்துதான் தொடங்கினார். அச்சிறையில் ஆயுள் தண்டனையில் இருந்த ரிக் க்ளூச்சி பின்னர் அங்கேயே குழு அமைத்து, விடுதலையான பின் பெக்கெட்டுடனேயே பணிபுரிந்தார்.

கன்னட அரங்கிலும் இதற்கு நெருங்கிய முயற்சி உண்டு. மைசூர் ரங்காயணத்தைச் சேர்ந்த ஹுலுகப்பா கட்டிமனி சிறைவாசிகளுடன் பணியாற்றி கிரீஷ் கார்னாட்டின் 'தலெதண்ட'வையும், 'மாக்பெத்'தைத் தழுவி எச்.எஸ். சிவப்பிரகாஷ் எழுதிய 'மாரநாயக'வையும் மேடையேற்றினார். கொலை செய்தவன் மனத்தில் நடப்பதைச் சொல்லும் நாடகத்தைச் சிறையில் நடிக்கத் தேர்ந்தெடுப்பது வால்மீகியைத் தேர்வதிலிருந்து வெகுவாக வேறுபட்டது. அதில் மன்னிப்பு முன்கூட்டியே எழுதிவைக்கப்படவில்லை.

கலைவாதத்தின் குறையையும் பெக்கெட் நாடகமே காட்டிக்கொடுத்தது. ஸ்வீடனில் யான் யோன்சன் என்ற இயக்குநர் கும்லா சிறைவாசிகளைக் கொண்டு அதே 'கோதோ'வைத் தயாரித்தார். 1986இல் கோத்தன்பர்க் நகர அரங்கில் நடிக்க வேண்டிய தருணத்தில் நடிகர்களில் பெரும்பாலோர் தப்பியோடிவிட்டார்கள். செய்தி கேட்டு பெக்கெட் சிரித்ததாகச் சொல்வார்கள். நகைச்சுவைக்கு அடியில் ஒரு கசப்பான உண்மை கிடக்கிறது: எவ்வளவு உயர்ந்த கலையானாலும், நடிகர் விரும்பிய நேரத்தில் வெளியேற முடியாத இடத்தில் அது நிகழ்கிறது. அந்தக் கட்டாயத்தைக் கணக்கில் சேர்க்காமல் கலையை மட்டும் மதிப்பிடுவது பாதி மதிப்பீடுதான்.

உரிமை என்னும் விடை

மூன்றாவது தரப்பு பயனைப் பற்றியே பேசாது. வெளியே இருப்பவர் நாடகம் பார்க்கவோ நடிக்கவோ திருந்துவேன் என்று உறுதி தர வேண்டியதில்லை. உள்ளே இருப்பவரிடம் மட்டும் அதை ஏன் கேட்க வேண்டும் என்று இத்தரப்பு வினவுகிறது.

இந்தியச் சட்டத்தில் இதற்கு வேர் உண்டு. மகாராஷ்டிரத்தில் தடுப்புக் காவலில் இருந்த ஒருவர் சிறையில் எழுதிய மராத்தி அறிவியல் நூலை அச்சுக்கு அனுப்ப அரசு மறுத்தபோது, 1965இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 1978இன் சுனில் பத்ரா தீர்ப்பு, சிறை வாசலில் அடிப்படை உரிமைகள் உதிர்ந்துவிடுவதில்லை என்பதை நிலைநாட்டியது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கும் இந்த வரிசையில் உண்டு. தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் முன்கூட்டியே தடைபோடும் அதிகாரம் அரசுக்கு இல்லை என்றது. அதே தீர்ப்பு தனியுரிமைக்கும் எல்லை வகுத்தது.

உரிமைவாதம் கொள்கையில் வலுவானது, நடைமுறையில் மெலிந்தது. எழுதத் தாளும் பேனாவும் போதும். நாடகத்துக்கு இடம், நேரம், வெளியிலிருந்து வரும் ஆசிரியர், மாலை லாக்-அப் நேரத்தைத் தளர்த்த மனமுள்ள கண்காணிப்பாளர் எல்லாம் வேண்டும். இவற்றை உரிமையென்று கேட்டுப் பெற்றவர்கள் குறைவு. சலுகையாகப் பெற்றவர்களே அதிகம். அந்த அதிகாரிக்கு இடமாற்றம் வந்தால் நாடகமும் அவரோடு போய்விடக்கூடும்.

ஐயத்தின் குரல்கள்

மிஷேல் ஃபூக்கோ 1975இல் எழுதிய சிறை வரலாற்றில், தண்டனை ஒரு காலத்தில் பொதுவெளிக் காட்சியாக இருந்து பிறகு மதிலுக்குள் மறைந்ததை விவரித்தார். அவர் வழியில் சிந்திப்பவர்களுக்குச் சிறை நாடகம் ஐயத்துக்குரியது. மறைந்த காட்சி நல்ல உடுப்பு அணிந்து திரும்பி வருகிறதோ? முன்வரிசையில் அமைச்சர், பக்கவாட்டில் தொலைக்காட்சிக் கேமரா, மறுநாள் நாளிதழில் படம். நெரிசலும் மருத்துவக் குறைவும் அன்று மாலை யாருக்கும் தெரியாது.

பிரேசிலின் அகுஸ்தோ போவால் இந்த ஐயத்துக்கு உள்ளிருந்தே விடை தேடினார். தாமே 1971இல் கைதாகிச் சித்திரவதைக்கு உள்ளானவர். அவர் வகுத்த அரங்கில் பார்வையாளர் எழுந்து வந்து ஒடுக்குபவரை எதிர்கொள்ளும் வழியை நடித்துப் பார்க்கலாம். ஆனால் சிறையில் அந்த ஒடுக்குபவர் வார்டராக இருந்தால்? நாடகம் முடிந்ததும் அறைக்கதவைப் பூட்டப்போவது அவரே.

இன்னொரு ஐயம் நாடகத்தைத் தொடங்குபவர் யார் என்பது பற்றியது. மேற்சொன்ன பெரும்பாலான முயற்சிகளில் வெளியிலிருந்து ஒரு கலைஞர் வருகிறார். புகழும் பெரும்பாலும் அவர் பெயருக்கே சேர்கிறது. இங்கிலாந்தின் 'க்ளீன் பிரேக்' குழு இதற்கு விலக்கு. 1979இல் அதைத் தொடங்கியவர்கள் சிறையில் இருந்த இரண்டு பெண்கள். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவும் விலக்குதான். அங்கே அரசியல் கைதிகள் தாமே 'அந்திகோனே' நாடகத்தை மேடையேற்றினார்கள். கொடுங்கோலன் கிரேயோன் வேடம் நெல்சன் மண்டேலாவுக்கு. அதே தீவில் சன்னி வெங்கடரத்தினம் என்ற இந்திய வம்சாவளிக் கைதி, தம் ஷேக்ஸ்பியர் தொகுப்புக்குத் தீபாவளி வாழ்த்து அட்டைகளை ஒட்டிச் சமயநூல்போல் காட்டி வைத்திருந்தார். தோழர்கள் ஒவ்வொருவரும் பிடித்த பகுதியில் கையெழுத்திட்டபோது, 1977 டிசம்பரில் மண்டேலா தேர்ந்தது 'ஜூலியஸ் சீச'ரில் மரணத்துக்கு அஞ்சாமை பேசும் இடம். ரெபிப்பியாவில் சதிக்கதையாக இருந்த நாடகம் ராபன் தீவில் துணிவின் கதையாயிற்று. நாடகம் தானாக எதையும் செய்வதில்லை, தேர்ந்தெடுப்பவர் கையில்தான் பொருள் பெறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பிந்துனுவெவ

இந்த விவாதத்தில் தமிழருக்கு மிக அருகில் உள்ள நிகழ்வு இலங்கை மலைநாட்டில் நடந்தது. மான்செஸ்டரில் சிறை நாடகத்துக்கென்று ஒரு மையத்தை 1992இல் தொடங்கியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் தாம்சன். சினத்தை அடக்கப் பழக்கும் நாடகப் பயிற்சிகளை வகுத்தவர். திருத்த நிலைப்பாட்டின் உள்ளிருந்து வந்தவர். 2000இல் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்களோடு நடந்த நாடகப் பட்டறையில் அவர் பங்கு கொண்டார். சில மாதங்களில், அக்டோபர் 25 அன்று, ஒரு கும்பல் முகாமைத் தாக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

அதன் பிறகு தாம்சனின் எழுத்து திசை மாறியது. 2009இல் வந்த அவர் நூல், நாடகத்தை விளைவுகளால் அளக்கும் பழக்கத்தையே கேள்விக்கு உட்படுத்துகிறது. இன்பம், அழகு, அந்த நேரத்து உணர்வு ஆகியவற்றுக்கு மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. இதை ஏற்பவர் உண்டு. விளைவைக் கைவிடுவது பொறுப்பைக் கைவிடுவதாகாதா என்று கேட்பவரும் உண்டு. எப்படியிருப்பினும், அந்த இளைஞர்கள் திருந்தினார்களா என்ற கேள்வி அங்கே பொருளற்றுப் போனது. கேட்கப்பட வேண்டியிருந்தது, அவர்களைக் காக்க வேண்டிய அமைப்பு என்ன ஆனது என்பதே.

அரங்கில் இல்லாதவர்

எல்லா நிலைப்பாடுகளும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: குற்றத்தால் இழந்தவர். மேடையில் கைத்தட்டல் வாங்குபவர் ஒரு வீட்டில் தீராத துக்கத்தை விட்டுவந்தவராக இருக்கலாம். ரெபிப்பியாப் படம் நடிகரின் குற்றத்தைத் திரையில் எழுதுகிறது, இழந்தவரைக் காட்டுவதில்லை. இதற்காக நாடகமே கூடாது என்பது மிகை. ஆனால் சிறைவாசியின் மனமாற்றத்தைப் பொதுவில் கொண்டாடும்போது, அதைக் கேட்டு மௌனமாக இருக்கும் ஒருவர் வெளியே உண்டு என்பதை நினைவில் வைக்கும் நாகரிகம் சிறை நாடக எழுத்துகளில் இன்னும் போதிய அளவு வளரவில்லை.

தமிழ் மேடையின் எதிர்த்திசை

தமிழில் சிறைக்கும் மேடைக்கும் உள்ள உறவு பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடியது. சிறை மேடைக்கு வந்ததைவிட மேடை சிறைக்குப் போனதே அதிகம். வள்ளி திருமணத்து முருகனாக நின்றபடியே விடுதலைப் பாட்டுப் பாடிய விஸ்வநாததாஸ் பலமுறை கைதானார். எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம் எழுப்பிய புயலை ஒட்டி 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பரீக்‌ஷா ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பிரிவுகளைச் செல்லாதவை ஆக்கியது. நாடகத்தைக் கண்டு அரசு அஞ்சிய இந்த வரலாறு, சிறைக்குள் நாடகத்தை ஊக்குவிக்கும் மரபு இங்கே வேர்விடாததற்கு ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

கதைகளுக்குப் பஞ்சம் இல்லை, அதுவும் இந்தக் காவிரி டெல்டாவில். சங்கரதாஸ் சுவாமிகள் காலம் முதல் மேடையில் நிலைத்த கோவலன் கதை, பூம்புகாரில் பிறந்தவன் விசாரணையின்றிக் கொல்லப்பட்ட கதை. அதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது அரசவை. மயிலாடுதுறைக்கு அருகே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன், சிதம்பரம் போய்வர ஆண்டையிடம் உத்தரவு கேட்டு நிற்கும் பண்ணையாள். பரோல் மனு எழுதிக் காத்திருப்பவருக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது. செம்பனார்கோயில் பக்கத்துப் புஞ்சையில் பிறந்து கூத்துப்பட்டறையை நிறுவிய ந. முத்துசாமி காட்டியதுபோல, பழைய வடிவங்களைப் புதிய உடல்களுக்குப் பழக்கும் வழியும் நம்மிடம் உண்டு. இந்தக் கதைகளுக்கும் வால்மீகி கதைக்கும் உள்ள வேறுபாடு கவனத்துக்குரியது: வால்மீகி தன்னைத் திருத்திக்கொள்கிறான், கோவலனும் நந்தனும் தம்மைச் சுற்றியிருப்பது சரியா என்று பார்ப்பவரைக் கேட்க வைக்கிறார்கள். அத்தகைய நாடகத்துக்கு ஒரு சிறை நிர்வாகம் இடம் தருமா என்பதே அந்த நிர்வாகத்தை அளக்கும் கோல் ஆகலாம்.

எஞ்சுபவை

இதுவரை பார்த்தவற்றிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. நாடகம் குற்றத்தைக் குறைக்கிறது என்ற கூற்று நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது; பொய் என்றும் தள்ள முடியாது. ஒரே தகுதியுள்ள இரு தொகுதியினரைப் பல ஆண்டுகள் பின்தொடராமல் அது தீராது. விசாரணைச் சிறைவாசிகளுக்கு ஏற்ற, எந்த நாளும் நடிகர் மாறக்கூடிய நாடக வடிவம் எது என்பது திறந்தே இருக்கிறது. ஒத்திகையே இல்லாமல் வெவ்வேறு ஊர் நடிகர்கள் கூடி நடத்தும் நம் ஸ்பெஷல் நாடக மரபு இங்கே ஏதேனும் கற்றுத்தருமா என்று யோசிக்கலாம். இழந்தவரின் இடம், விடுதலைக்குப் பின் நடிகருக்கு வேலை ஆகிய கேள்விகளும் அப்படியே நிற்கின்றன.

ஆயினும் கேள்வி கேட்கும் திசையை மாற்றலாம். திருத்தவாதி, ஐயவாதி இருவருமே நடிகரின் மனத்துக்குள் எட்டிப்பார்க்கிறார்கள். மணிமேகலைக் காதை அப்படிப் பார்க்கவில்லை. அந்த வழியில் கேட்டால் வினாக்கள் எளிமையாகின்றன, விடைகளைச் சரிபார்க்கவும் முடிகிறது. நாடகத்தைத் தேர்ந்தவர் யார்? ஒத்திகைக்காக எந்த விதி தளர்ந்தது, நிகழ்ச்சி முடிந்த பிறகும் அந்தத் தளர்வு நீடித்ததா? அதிகாரி மாறிய பின்னும் குழு கூடியதா? ரேகாவின் அறை அவருக்குச் சிறையாகத் தெரிந்தது அவருடைய மாற்றம். அந்த அறைக்கு என்ன மாற்றம் என்பதைப் படம் சொல்லவில்லை. சிறை நாடக ஆய்வு இனிப் போக வேண்டியது பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.